சட்டைகள் மட்டும் ஏறிய பேருந்து

வில்ஷான்கா,
11 ஏப்ரல் 1997

மதிப்பிற்குரிய செவெரின் திமோஃபியோவிச் அவர்களுக்கு,

தங்கள் மனைவி யுஸ்தினா, தன் தங்கை மோத்ரியாவின் வீட்டிலிருந்து எழுதுவது. நான் நலம். தாங்கள் நலமாக இருப்பதை மாவட்டச் செய்தித்தாளின் கடைசிப் பக்கத்தில் அறிந்தேன்: தாங்கள் பயிற்றுவிக்கும் சர்க்கரை ஆலைக் கால்பந்து அணிக்கு வெளியூரில் வெற்றி. வாழ்த்துகள். சட்டைகள் வெண்மையாக இருந்தன என்று நம்புகிறேன்.

நேரில் பேசினால் என் குரல் உடைந்துவிடும், எழுத்தில் உடையாது. ஆகவே எழுதுகிறேன்.

கடந்த ஞாயிறு அணி புறப்பட்டுப்போன பிறகுதான், நான் துவைத்து இஸ்திரி போட்டு வைத்திருந்த அணிச் சட்டைகள் அடங்கிய பை நம் சமையலறை அடுப்போரம் கிடப்பதைக் கண்டேன். பால் லாரிக்காரரிடம் கெஞ்சி, கேன்களுக்கு நடுவே அமர்ந்து, குறுக்கு வழியாக வந்து, நாற்சந்தியில் உங்கள் பேருந்தை மறித்தேன். பனியும் மழையும் கலந்து அடித்துக்கொண்டிருந்தது. கதவு திறந்தது. பை மேலே போயிற்று. லாரி பண்ணைப் பக்கம் திரும்பிவிட்டதால், நானும் ஏறிக்கொள்ளலாம் என்று படியில் ஒரு காலை வைத்தேன்.

தங்கள் கோல்கீப்பர் ஹொர்தி பின்னிருக்கையிலிருந்து கத்தினான்: "கோச், பஸ்ஸுல பொம்பள ஏறினா இன்னிக்கு எனக்கு வலை கிழிஞ்சிடும்! அதான் சட்டை வந்துடுச்சில்ல, கதவ மூடுங்க!"

ஓட்டுநர் பனாஸ் தலையைச் சொறிந்தார். "கோவிச்சுக்காதீங்க யுஸ்தினாம்மா. பசங்க ராசி பாக்குறாங்க."

நான் தங்களைப் பார்த்தேன். தாங்கள் முன்கண்ணாடியைப் பார்த்தீர்கள். "அடுத்த பஸ் இப்ப வந்துடும், யுஸ்தியா" என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாலையில் வேறு பேருந்து கிடையாது என்பது தங்களுக்குத் தெரியும்.

காலை எடுத்துக்கொண்டேன். அதன்பின் நான் செய்ததற்காகவே இன்றுவரை கூசுகிறேன். சட்டையைக் கொடுக்க மட்டுமே வந்தவள்போலச் சிரித்து, உங்கள் எல்லோருக்கும் கையசைத்தேன்.

தாங்கள் பல ஆண்டுகள் மாகாணத் தலைநகரின் அணியில் கடைசித் தடுப்பாளராக ஆடியவர். முழங்கால் முறிந்து வீட்டில் கிடந்தபோது, எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான், ஆலை நூலகத்தில் எலும்பும் தசையும் பற்றிய நூலை வரவழைத்துப் படித்துத் தங்கள் காலைத் தேய்த்துவிட்டேன். கீவ் நகரில் பயிற்சியாளர் படிப்பை முடித்தபோது, இறுதிக் கட்டுரையை நம் சமையலறை மேசையில் இருவருமாக எழுதினோம். "கடைசித் தடுப்பாளர் பந்தின் அழகில் மயங்கலாகாது, காப்பாரின்றித் தனித்து நிற்பவர் யாரென்று திரும்பிப் பார்ப்பதே அவரது கடமை." எண்ணம் தங்களுடையது, சொற்கள் என்னுடையவை. தேர்வாளர்கள் அதைப் பாராட்டினார்கள்.

அன்று நாற்சந்தியிலிருந்து நடந்தே ரயில் நிறுத்தத்தை அடைந்தேன். முதலில் வந்த ரயில் வில்ஷான்காவுக்குச் செல்வது. அதில் பெண்களை ஏற்றிக்கொள்கிறார்கள்.

இங்ஙனம்,
யுஸ்தினா பாவ்லிவ்னா

•

லிபோஹிர்ஸ்க்,
17 ஏப்ரல்

யுஸ்தியா,

என் அப்பா பெயரையும் சேர்த்து எழுதியிருக்கிறாய். நான் என்ன ஆலை இயக்குநரா? உறையைப் பார்த்துவிட்டு தபால்காரப் பெண்ணே கேட்டாள், "என்ன கோச், கோர்ட்டுல இருந்தா?" என்று.

நீ எழுதியது எல்லாம் சரி. ஒன்றுதான் உனக்குத் தெரியாது. நீ கையசைத்ததை நான் பனாஸின் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். சின்னதாகிக்கொண்டே போனாய். நிறுத்து என்ற சொல் வாய்வரை வந்தது, சொல்லவில்லை. பின்னால் பதினாறு பையன்கள் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த வழக்கத்தை நான் ஆரம்பிக்கவில்லை. நான் ஆடிய காலத்தில் எங்கள் பழைய கோச் இதைவிட மோசம். பெண் ஏறக் கூடாது, பஸ் ஒரு அடிகூடப் பின்னால் போகக் கூடாது. போனால் எல்லோரையும் இறக்கி நடக்க விடுவார். பனாஸ் இன்னமும் அதைக் கடைப்பிடிக்கிறார். போன மாதம் முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்டு, ரிவர்ஸ் எடுக்க மாட்டேன் என்று யாரோ ஒருவருடைய பீட்ரூட் வயலுக்குள் புகுந்து வெளியே வந்தார். நாங்கள் எல்லாம் கைதட்டினோம். பெரிய மனிதர்கள் செய்யும் காரியமா இது என்று நீ கேட்பாய். அன்று தோன்றவில்லை.

நேற்றும் ஜெயித்தோம். இடது ஓரத் தடுப்பாளனுக்கு மட்டும் மூச்சு வாங்குகிறது, வேறு ஆள் இல்லை. ஈரம் அதிகமாக இருப்பதால் முழங்கால் வலிக்கிறது. தைலப் புட்டியை எங்கே வைத்தாய்? முட்டைக்கோஸ் சூப் வைத்தேன், நாய்க்குட்டி மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

என்னை மன்னித்துவிடு. உன் மாதிரி அழகாக எழுத வரவில்லை.

செவெரின்

•

வில்ஷான்கா,
2 மே

மதிப்பிற்குரிய செவெரின் திமோஃபியோவிச் அவர்களுக்கு,

கிறிஸ்து உயிர்த்தெழுந்தார். பண்டிகைக்கு ஆசீர்வதிக்கப்பட்ட ரொட்டியில் ஒரு துண்டு தங்களுக்காக எடுத்துவைத்தேன். அது காய்ந்த காரணத்தைக் கீழே காண்க. தைலம், மாவுச் சாடிக்குப் பின்னால்.

தங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். அதில் மன்னிப்பு இருந்தது, நாய்க்குட்டி இருந்தது, இடது ஓரத் தடுப்பாளனின் மூச்சும் இருந்தது. வீட்டுக்கு வா என்ற சொல் மட்டும் இல்லை. மறதி என்று எண்ணிக்கொண்டேன். தாங்கள் சட்டைகளையே மறப்பவர் ஆயிற்றே.

ஆகவே அழைப்பை எதிர்பாராமல், ஈஸ்டருக்கு மறுநாள் ரொட்டியும் வண்ண முட்டைகளும் கூடையில் வைத்துப் புறப்பட்டேன். ரயில் மாறும் நிலையத்தில், நம் ஊர்ச் சந்தையில் மீன் விற்கும் ஹாப்கா என்னைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்துவிட்டாள்.

"அய்யய்யோ, எங்க கெளம்பிட்ட?"

"என் வீட்டுக்கு."

"ஏம்மா, உனக்கு ஊர் நெலவரமே தெரியாதா? உன்ன ரோட்டுல எறக்கி விட்ட நாள்ல இருந்து நம்ம பசங்க ஒரு ஆட்டம் தோக்கல! எங்க வீட்டுக்காரரு உன் பேரச் சொல்லித்தான் கிளாஸத் தூக்குறாரு. ஜூன் வரைக்கும் தங்கச்சி வீட்டுலயே இரு, தாயி. மேல் பிரிவுக்குப் போயிட்டோம்னா உனக்குக் கெண்ட மீனு நானே கொண்டாந்து தர்றேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றி எனக்கு வணக்கம்கூடச் செலுத்தினார். நான் அடுத்த நடைமேடைக்குச் சென்று, வந்த வழியே திரும்பினேன். மோத்ரியாவிடம் ரயில் தவறிவிட்டது என்று பொய் சொன்னேன். என் வாழ்நாளில் நான் ரயிலைத் தவறவிட்டதில்லை. அவளுக்கும் அது தெரியும்.

ஹாப்கா கூறியதில் தங்களுக்கு உடன்பாடு உண்டா? ஆம் அல்லது இல்லை என்று எழுதினால் போதும்.

யுஸ்தினா பாவ்லிவ்னா

•

லிபோஹிர்ஸ்க்,
24 மே

யுஸ்தியா,

உன் ஈஸ்டர் வாழ்த்துக்கு: உண்மையாகவே உயிர்த்தெழுந்தார். பதில் இவ்வளவு தாமதம். பலமுறை எழுதிக் கிழித்தேன்.

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் பையன்களுக்கு இருக்கிறது. ஹொர்தி நேற்று உடைமாற்றும் அறையில் சொன்னான், "அக்கா அங்கயே இருக்கட்டும் கோச், நாங்க எல்லாம் சேந்து ஒரு பெரிய கேக் அனுப்புறோம்." நான் அவனை அதட்டியிருக்க வேண்டும். அதட்டவில்லை. நம்பிக்கையோடு களம் இறங்குகிறவனின் கால் வேறு மாதிரி ஓடும். ஆடியவனுக்குத் தெரியும்.

கடைசி ஆட்டம் ஜூன் 15, வெளியூரில். ஜெயித்தால் மேல் பிரிவு. என் கால் உடைந்த நாளிலிருந்து நான் கனவு கண்டது அது ஒன்றுதான், நீதான் சாட்சி.

மோத்ரியாவுக்குத் தோட்டத்தில் உருளைக்கிழங்கு வேலை நிறைய இருக்குமே? அதுவரை அவளுக்கு ஒத்தாசையாக இருந்தால் நல்லதுதானே? அதற்குப் பிறகு நானே வந்து அழைத்துக்கொள்கிறேன்.

இதை எழுதும்போது உன் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே எழுதுகிறேன்.

செவெரின்

•

வில்ஷான்கா,
29 மே

செவெரின் திமோஃபியோவிச்,

தங்கள் "ஆம்" கிடைத்தது.

மோத்ரியாவின் உருளைக்கிழங்கு நட்டாகிவிட்டது. அதற்கு என் ஒத்தாசை தேவையில்லை. ஜூன் 15 வரை நான் வரமாட்டேன். அணி நிம்மதியாக ஆடட்டும். அதன் பின்னரும் நான் வருவதாக இல்லை. ஒருமுறை இறக்கிவிடப்பட்டேன், அது அவசரத்தில் நேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் முறை யோசித்து, தபால்தலை ஒட்டி இறக்கிவிட்டிருக்கிறீர்கள்.

என் அகராதியையும் மூக்குக்கண்ணாடியையும் அனுப்பிவைக்கவும். கேக் வேண்டாம்.

யு. பா.

•

லிபோஹிர்ஸ்க்,
17 ஜூன்

யுஸ்தியா,

அகராதியை நான் அனுப்பவில்லை. கையில் எடுத்துக்கொண்டு வந்தேன். ஞாயிறு காலை உன் ஊர்ச் சாலையில் பஸ்ஸை நிறுத்தச் சொன்னேன். நீ பார்த்திருப்பாய், ஆனாலும் எழுதுகிறேன்.

பனாஸ் கேட்டார், "இங்க எதுக்குக் கோச்? சந்துக் கடைசியில குளம். உள்ள போனா வண்டி திரும்பாது."

"உள்ள போ."

"போனா ரிவர்ஸ்லதான் வரணும்!"

"அப்ப ரிவர்ஸ்ல வா."

ஹொர்தி எழுந்து நின்றுவிட்டான். "கோச், உங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? இன்னிக்குப் போயா?"

"ஆமாண்டா. என் பொண்டாட்டிய ஏத்திக்கப் போறேன். பிடிக்காதவன் எறங்கி நடந்து வா. அவளும் அன்னிக்கு நடந்துதான் போனா." யாரும் இறங்கவில்லை.

மோத்ரியா கதவைத் திறந்தாள். "அக்கா கடைக்குப் போயிருக்கா."

உன் ரப்பர் பூட்ஸ் வாசலில் இருந்தது. "வெறுங்காலோடயா?" என்று கேட்டேன்.

"அவ காலு, அவ இஷ்டம்" என்று சொல்லிவிட்டாள். அகராதியை அவளிடம் கொடுத்தேன். கண்ணாடியையும். அதற்கு மேல் கதவைத் தட்ட எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

பஸ்ஸுக்குப் பின்னால் நான் நின்றுகொண்டேன். பனாஸ் சிலுவை போட்டுக்கொண்டு பின்னால் எடுத்தார். "வரட்டும், வரட்டும்" என்று கைகாட்டியபடி சந்து முழுக்க நொண்டி நடந்தேன். வேலியோரம் நின்றவர்கள் வாத்தைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள்.

மூன்றுக்கு ஒன்று. தோற்றோம். ரிவர்ஸ் எடுத்ததால்தான் என்கிறான் ஹொர்தி. இல்லை. இடது ஓரத்தில் மூச்சு போய்விட்டது, மூன்று கோலும் அங்கிருந்துதான் வந்தது. நான் தடுப்பாட்டக்காரன், எனக்குத் தெரியும். அந்தப் பையனுக்கு மாற்று ஆள் தேடாமல், உன்னை எட்டத்தில் வைத்தால் போதும் என்று இருந்துவிட்டேன். ஆலை இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். அணியை என்னிடம் விடுவாரா என்பது இந்த வாரம் தெரியும்.

வா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். வா.

சட்டைகளை நானே துவைத்தேன். எல்லாம் இளஞ்சிவப்பாகிவிட்டது.

செவெரின்

•

வில்ஷான்கா,
21 ஜூன்

செவெரின்,

நான் மாட்டுக்கொட்டகையில் இருந்தேன். கதவிடுக்கு வழியாக எல்லாவற்றையும் பார்த்தேன். தாங்கள் பேருந்துக்குப் பின்னால் நடந்தபோது வலது காலை இழுத்ததையும் பார்த்தேன். தைலத்தை மறுபடியும் மறந்துவிட்டீர்கள்.

கோபத்தால் நான் ஒளிந்தேன் என்று எண்ணியிருப்பீர்கள். மோத்ரியாவும் அப்படித்தான் எண்ணினாள். நானும் அவளைத் திருத்தவில்லை. எழுத்தில் பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் தங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். பேருந்து வாசலில் நின்றதும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வரத்தான் எழுந்தேன். ஒருவேளை நான் ஏறி, அதனால் நீங்கள் தோற்றுவிட்டால் என்ற எண்ணம் வந்தது. அவ்வளவுதான், என் கால் நகரவில்லை. ஆலை நூலகத்தில் ஒரு அலமாரியையும் விட்டுவைக்காமல் படித்தவள், ஹொர்தி நம்புவதையே நம்பி, வெறுங்காலோடு சாணத்தில் நின்றேன். நாற்சந்தியில் நின்றபோதுகூட எனக்கு இவ்வளவு வெட்கம் உண்டாகவில்லை.

நான் ஏறவே இல்லை. ஆயினும் தோற்றீர்கள். கொட்டகையில் அமர்ந்து இதை வெகுநேரம் யோசித்தேன். என்னிடம் அப்படியொரு சக்தி இருந்ததே இல்லை என்று அறிவது, ஏனோ, சற்று ஏமாற்றமாகவும் இருந்தது.

வியாழக்கிழமை மாலை ரயிலில் வருகிறேன். நிலையத்துக்கு வரவும், பெட்டி கனமானது, தங்களிடமிருந்து பெற்ற அகராதியும் அதில் இருக்கிறது. சட்டைகளைக் கொதிக்கவைக்க வேண்டாம், அப்படியே வைத்திருங்கள். சிவப்புக் காலுறைகளைத் தனியே துவைக்க வேண்டும் என்பதை வந்து கற்பிக்கிறேன்.

இயக்குநர் அணியைத் தங்களிடமிருந்து எடுத்துக்கொண்டால், சாலையோரத்தில் இருவருமாக நிற்போம். எடுத்துக்கொள்ளாவிட்டால், அடுத்த பருவத்தின் முதல் வெளியூர் ஆட்டத்தில் பனாஸுக்குப் பின்னால் இருக்கும் இருக்கை என்னுடையது. ஹொர்தியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தோற்றால், தோற்றுவிட்டு எல்லோருமாக ஒரே பேருந்தில் திரும்பி வருவோம்.

யுஸ்தியா