வெற்றிலை வாங்கிய கை

நெல்லிவாசல்,
18.11.1983

சகுந்தலாவின் அப்பாவுக்கு அம்மாக்கண்ணு எழுதிக்கொள்வது. நானும் பிள்ளையும் இருக்கிறோம். குடகில் மழை விட்டதா, உங்கள் இருமல் நின்றதா என்று எழுதச் சொல்லுங்கள். இதைப் படித்துச் சொல்லும் கோபால்சாமி அண்ணனுக்கும் வணக்கம். அண்ணா, போன கடிதத்தில் நான் திட்டியதையெல்லாம் நல்ல வார்த்தையாக மாற்றிப் படித்திருக்கிறீர்கள், அவர் அனுப்பிய பதிலிலேயே தெரிந்துவிட்டது. இந்த முறை உள்ளதை உள்ளபடி படியுங்கள்.

சாமை அறுத்தாயிற்று. பன்றி தின்றது போக மிச்சம் வீடு வந்தது. வேலி கட்ட யாரைக் கூப்பிட்டாலும் நாளைக்கு என்கிறார்கள். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சகுந்தலாவின் வலது பாதம் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. நடந்தால் விரல் தரையில் இழுபடுகிறது. போன மாதம் அடுப்புக் கங்கு ஒன்று அந்தப் பாதத்தின் மேல் விழுந்திருக்கிறது. அவள் பாட்டுக்குக் களி தின்றுகொண்டிருந்தாள். தோல் கருகும் நாற்றம் வந்துதான் நான் திரும்பிப் பார்த்தேன். ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சுட்டது தெரியவில்லை. மறுநாளே அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மலை இறங்கி வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அன்றைக்குக் காய்ச்சலுக்கு ஊசி போட்ட சந்தை ஊசிக்காரர் கண்ணாயிரம் இது இளம்பிள்ளை வாதம், காய்ச்சலோடு வந்தது என்று சொன்னாரே, அது பொய். வாதமென்றால் கால் பலம் போகுமாம், உணர்ச்சி போகாதாம். டாக்டர் குண்டூசியால் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, இடுப்பில் குத்த வேண்டிய இடம் தவறி நரம்பில் குத்தியிருக்கிறார்கள் என்று சொன்னார். அதைக் காகிதத்திலும் எழுதிக் கொடுத்தார்.

அந்தக் காகிதத்தோடு திருப்பத்தூரில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். கண்ணாயிரம் வெறும் காம்பவுண்டர், அந்த ஊசிக் கடைப் பலகையில் பேர் போட்டிருக்கும் டாக்டர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்றேன். அப்படியானால் இரண்டு பேர் மேலும் வழக்குப் போடலாம் என்றார். ஊர்க் கூட்டத்தில் கண்ணாயிரம் உங்கள் காலில் விழுந்ததையும், நீங்கள் அவர் கொடுத்த வெற்றிலையை வாங்கிக்கொண்டதையும் மறைக்காமல் சொன்னேன். வெற்றிலை வாங்கினால் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கக் கூடாது என்பது எங்கள் மலைக் கட்டு என்றேன். கோர்ட்டு அதை ஏற்காது என்றார். கால் பிள்ளையுடையது, அவள் நியாயத்தை விட்டுக்கொடுக்க அப்பனுக்கு உரிமை கிடையாதாம். அவள் பெரியவளான பிறகுகூட வழக்குப் போடலாமாம். ஆனால் சாட்சி அதுவரை காத்திருக்காது என்றார்.

இது ஊர்க்கவுண்டர் காதுக்குப் போய்விட்டது. கூட்டம் போட்டு, "வெத்தில வாங்கன கையி கோர்ட்டுல போயி சத்தியம் பண்ணுமா? இன்னா பேச்சு இது?" என்று கேட்டார். நானும் விடவில்லை. "வெத்தில வாங்கனது அவரு, நொண்டறது எம்பொண்ணு" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து நம் வேலிக்கு ஆள் இல்லை. வழக்குப் போட்டால் நல்லது கெட்டதுக்கு ஒருவரும் வரமாட்டார்களாம். பயமாகத்தான் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனாலும் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

என் கையெழுத்து மட்டும் போதாது. ஊசி போட்ட அன்றைக்கு நான் சாமைக் காட்டில் இருந்தேன். பெஞ்சியிலிருந்து இறக்கிவிட்டதும் அவள் கால் மடங்கி விழுந்ததைப் பார்த்தவர் நீங்கள் ஒருவரே. வாதமென்றால் அப்படி அந்த நிமிஷத்தில் விழமாட்டாளாம். அதை நீங்கள்தான் கோர்ட்டில் ஏறிச் சொல்ல வேண்டும். பிள்ளை துள்ளினாள், பிடித்தவர் சரியாகப் பிடிக்கவில்லை என்று எதிர்க்கட்சி வக்கீல் உங்களைக் கேட்பாராம். அதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது.

அன்று நான் "நீ புடிச்ச லட்சணத்துலதான் எம்பொண்ணு காலு போச்சு" என்று கத்தினேன். எட்டாம் நாள் நீங்கள் குடகுக்கு வண்டியேறிவிட்டீர்கள். வேலூர் டாக்டரிடம் நான் முதலில் கேட்டது கால் சரியாகுமா என்பதை அல்ல. பிடித்தவர் பிடி தளர்ந்தால் இப்படி ஆகுமா என்றுதான் கேட்டேன். எத்தனை கெட்டியாகப் பிடித்திருந்தாலும் இதேதான் ஆகியிருக்கும் அம்மா, குத்திய இடம் தப்பு என்றார். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து வெகு நேரம் அழுதேன். அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது.

நம் காளியம்மா சாமி உங்களுக்கு வழித்துணையாக வரட்டும். மலைப் பாதையில் யார் தலை தெரிந்தாலும் அப்பா என்று பிள்ளை காலை இழுத்துக்கொண்டு ஓடுகிறாள். அந்த நடையைப் பார்க்க முடியாமல்தான் நீங்கள் போனீர்கள், எனக்குத் தெரியும். தினமும் நான் ஒருத்தியே பார்க்கிறேன். வந்து என் பக்கத்தில் நின்று நீங்களும் பாருங்கள்.

உங்கள்
அம்மாக்கண்ணு