பட்டறை வாசலில் நின்றவருக்கு

அப்பா,

இன்று காலை ஒரு மாடிப்படிக் கைப்பிடியை முடித்துவிட்டு, இரும்பின் சூடு ஆறும் முன்னரே தேன்மெழுகு தேய்த்தேன். துருப்பிடிக்காமல் இருக்கச் செய்வது. மெழுகு உருகிப் புகைந்தபோது எங்கள் ஹம்பேர்க் வீட்டின் சமையற்குசினி நினைவுக்கு வந்தது. நான் வேலையால் வந்து இந்த மணத்தோடு உள்ளே நுழைந்ததும் நீங்கள் எழுந்துபோய் யன்னலைத் திறப்பீர்கள். "அந்த ஜக்கெட்டை வெளியில கழட்டிப்போட்டு வா பிள்ளை" என்பீர்கள்.

பல்கலைக்கழக அனுமதி கையில் இருக்க, நான் கைவினைஞர் சங்கத்தின் ஊடாக ஒரு கொல்லுப்பட்டறையில் மூன்றரை வருட அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சிக்குக் கையெழுத்து வைத்தேன். அந்தக் கடிதத்தை நீங்கள் இரண்டு தரம் வாசித்தீர்கள்.

"கம்மாலையில நிண்டு இரும்படிக்கவோ உன்னைப் படிப்பிச்சனான்? ஊரில அது வேற ஆக்கள் செய்யிற வேலை."

"இது ஊர் இல்லையப்பா. இஞ்ச சோதினை வைச்சு, சங்கம் பத்திரம் குடுக்கிற தொழில்."

"உனக்கு விளங்காது" என்று மட்டும் சொன்னீர்கள்.

எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. ஊரில் தபாற்கந்தோரில் மேசைக்கு முன்னால் இருந்த நீங்கள், ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கிய நாளிலிருந்து ஒரு உணவகத்தின் பின்கட்டில் சட்டி கழுவினீர்கள். அதையும் நீங்கள் ஊருக்குச் சொன்னதில்லை. நான் சட்டியும் கரியும் இல்லாத ஒரு வேலைக்குப் போவேன் என்றுதான் அத்தனை வருடமும் நின்றிருக்கிறீர்கள். இதை இப்போது எழுதுவது சுலபம். பத்தொன்பது வயதில் என் கண்ணுக்குத் தெரிந்தது உங்கள் வெட்கம் மட்டுந்தான்.

முதல் மாதங்களில் கம்பியின் நுனியைக் கூராக்குவதைத் தவிர வேறெதுவும் தரமாட்டார்கள். நிறம் பார்க்கத் தெரியாமல் உலையில் அதிகநேரம் விட்டு, பூத்திரி மாதிரிப் பொறி கக்கக் கக்க எத்தனையோ கம்பிகளை எரித்தேன். "முதலில் பார், பிறகு அடி" என்பார் மைஸ்டர், எங்கள் பட்டறையின் தலைமைக் கொல்லர். கையில் சூட்டுக்காயங்கள். இரவுச் சாப்பாட்டில் அவற்றை மேசைக்குக் கீழே மறைப்பேன். ஒருநாள் குளியலறைத் தட்டில் எரிகாய மருந்து ஒன்று புதிதாக இருந்தது. வாங்கியது யாரென்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இரண்டாம் வருடம் சொந்தக்காரர் வீட்டுப் பிறந்தநாள் விழாவில் மாமி என்னைப் பிடித்துக்கொண்டா. "எஞ்சினியரிங் எத்தனையாம் வருசம் பிள்ளை?" நீங்கள் ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தீர்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நான் எஞ்சினியரிங் படிக்கேல்லை மாமி. இரும்படிக்கிறன். அப்பாக்கு அதைச் சொல்ல வெக்கம், அதுதான் பொய் சொல்லுறார்."

மண்டபத்தில் நாலைந்து மேசைக்குக் கேட்டிருக்கும். கையில் சோற்றுத்தட்டோடு நின்ற நீங்கள் தட்டை மெல்ல மேசையில் வைத்தீர்கள். திரும்பி வரும்போது காரில் சொன்னீர்கள்: "நீ பொய் சொல்லேல்லை. ஆனா அதை எனக்குச் சொல்லியிருக்கலாம்." அடுத்த மாதமே நான் பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துப் போய்விட்டேன்.

மூன்றாம் வருடம், ஒரு கார்த்திகை மாதத்துப் பகலில், நீங்கள் வந்தீர்கள். எஸ்-பான் ரயிலில் வந்து, பஸ் மாறி, கடைசித் தரிப்பிலிருந்து நடந்திருக்க வேண்டும். நான் அடித்துக்கொண்டே நிமிர்ந்தேன். பட்டறை வாசலில், நீல மழைச்சட்டையோடு, ஒரு பையைப் பிடித்தபடி நின்றீர்கள். உங்கள் கண் என் கையில் இருந்தது, முகத்தில் இல்லை. நான் குனிந்துகொண்டேன்.

சூட்டிரும்பை விட்டுப் போக ஏலாது என்று பிறகு எனக்கே பலதரம் சொல்லிப் பார்த்தேன். அன்று நான் அடித்தது ஒரு சாதாரணக் கொக்கி. திரும்ப உலையில் வைத்திருந்தால் அதற்கு ஒன்றும் ஆகியிராது. நான் வேண்டுமென்றே வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றேன். கொஞ்சம் நிற்கட்டும் என்று நினைத்தேன். திரும்பியபோது நீங்கள் இல்லை. கூடப் படித்த யோனாஸ் வந்து சொன்னான், உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டானாம். "அவ வேலை செய்யிறா, குழப்ப வேண்டாம்" என்று உங்கள் அரைகுறை டொச் பாஷையில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்களாம்.

அதன்பிறகு இரண்டு தரம் தொலைபேசியில் பேசினோம். "சாப்பிட்டியே?" என்று கேட்டீர்கள். "ஓம்" என்றேன். நீங்களும் அந்த நாளைப் பற்றிச் சொல்லவில்லை. தைமாதம், வேலைக்கு வெளிக்கிட்ட நேரம், வீட்டு வாசலிலேயே உங்கள் நெஞ்சு நின்றுபோனது.

சங்கம் எங்களுக்குப் பத்திரம் தந்த நாளில் அம்மா தனியாகச் சேலை உடுத்து வந்து முன்வரிசையில் இருந்தா. பக்கத்தில் இருந்த டொச்சுக்காரிக்கு என்னைக் காட்டி, "மை டொக்டர்" என்று, 'என் மகள்' என்பதை டொச்சில் உரத்துச் சொன்னா. விழா முடிந்து தேநீர் குடிக்கும்போதுதான் அந்த நாளின் மீதியை எனக்குச் சொன்னா.

"வந்து சப்பாத்தும் கழட்டாமல் சொன்னவர், 'அவள் அந்தப் பெரிய சுத்தியலை ஒரு கையால பிடிக்கிறாளப்பா' எண்டு. கனநேரம் நிண்டு பாத்தவராம்."

"என்னத்துக்கு வந்தவராம்?"

"அது எனக்கும் சொல்லேல்லை. வீட்டுக்கு வா எண்டு கேக்கவோ, என்னவோ." கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டா: "நீ அவரைக் கண்டனியோ பிள்ளை?"

"இல்லையம்மா. காணேல்லை."

அந்தப் பதிலைக் கேட்டதும் அம்மாவின் முகம் தெளிந்தது. அதனால் இன்றுவரை அதைத் திருத்தவில்லை. உங்களை நாலுபேர் முன்னால் பொய்யர் என்றவள் நான். இப்போது அம்மாவைப் பார்க்கப் போகும் ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு சொல்லை என்னோடு கொண்டுபோய், சொல்லாமலே கொண்டுவருகிறேன். உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன்.

நான் உங்களைக் கண்டனான், அப்பா.