கடைசி ஜீப்பும் நாலு மார்க்கும்

போடி
18-11-1984

அன்பு மகன் தவசிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த அமெரிக்கக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா என்பதுதான் எங்கள் கவலை. மலையில் மழை விடவில்லை, ஏலத்தோட்டத்துக்குப் போய் வருவதற்குள் அப்பாவுக்கு முழங்கால் வீங்கிவிடுகிறது. தைலம் தேய்த்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். எனக்கும் அலுப்பாகத்தான் இருக்கிறது அப்பு.

பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த தாளாளர், பிள்ளைகளே வாத்தியார்களுக்கு மார்க் போடட்டும் என்று சீட்டுக் கொடுத்தார். எனக்குப் பத்துக்கு நாலு, அறிவியல் எடுக்கும் வேலுச்சாமி சாருக்கு ஒன்பது. அவர் நல்ல மனுசர், குறை சொல்லவில்லை. ஆனால் அவருக்குச் சீட்டு எழுதியது காலையில், பிள்ளைகள் தெம்பாக இருந்த நேரம். எனக்கோ வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில், அதுவும் பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுத்த கையோடு. பாதிப் பேர் எஸ்டேட் பிள்ளைகள், வாரமெல்லாம் இங்கே சொந்தக்காரர் வீட்டில் இருந்துவிட்டு அன்றைக்குத்தான் மலையேறிப் பெற்றவர்களைப் பார்ப்பார்கள். வெளியே போடிமெட்டுக்குப் போகும் கடைசி ஜீப்பு ஹார்ன் அடிக்கிறது, நான் கணக்கை முடித்துவிட்டுத்தான் விடுவேன் என்று நிற்கிறேன், அப்போது போட்ட மார்க் அது. அவர் அதட்டினால் கண்டிப்பான வாத்தியார் என்று எழுதியிருக்கிறார்கள், நான் அதட்டினால் சிடுமூஞ்சி. போன வருசம் பத்தாம் வகுப்பில் என் கணக்குப் பாடத்தில் ஒரு பிள்ளைகூடப் பெயிலாகவில்லையே என்று தாளாளரிடம் சொன்னேன். "அதெல்லாஞ் சரி, பொம்பள டீச்சருன்னா கொஞ்சம் சிரிச்ச மொகமா இருக்கணும்லம்மா" என்கிறார். வருகிற ஜூனிலிருந்து பத்தாம் வகுப்புக் கணக்கும் வேலுச்சாமி சாருக்கே, எனக்கு ஆறாம் வகுப்பு. பத்தாம் வகுப்பை வாங்கிக்கொண்டால் அப்புறம் எனக்கு அங்கே என்ன சோலி? அப்பாவிடம் சொன்னால், "விட்டுத் தள்ளு, இனியாச்சும் வீட்டுக்கு வெரசா வந்து சேருவ" என்கிறார். எனக்கு அழுகைதான் வந்தது.

அந்த நேரம் பார்த்து உன் கடிதம். உங்கள் காலேஜிலும் அப்படி மார்க் போடச் சொன்னார்கள் என்றும், உங்களுக்குப் பாடம் எடுக்கிற ஒரே பெண் வாத்தியார் சிரிக்கவே மாட்டார் என்பதால் எல்லாருமாகக் குறைத்துப் போட்டீர்கள், நீயும் போட்டாய் என்றும் விளையாட்டாக எழுதியிருந்தாய். அப்பாவுக்கு வாசித்துக் காட்டும்போது அந்த இடத்தை மட்டும் தாண்டிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, சனிக்கிழமை மறக்காமல் எண்ணெய் தேய்த்துக் குளி, கண் விழித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. பரமசிவன் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். பதில் போடும்போது ஒன்றை மட்டும் மறக்காமல் எழுது. அந்த அம்மா உனக்குப் பாடம் நன்றாகச் சொல்லிக் கொடுத்தார்களா, இல்லையா?

இப்படிக்கு
உன் அம்மா
வீரலட்சுமி