பாய் பக்கத்து சீட்

கோட்டைமேடு, கோவை
8.9.1996

அன்பு மகள் நஸ்ரியாவுக்கு உன் அத்தா முஸ்தபா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், அமெரிக்காவில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் ரிஃபத்தும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா என்று தெரியவேண்டும். உன் கடிதம் வந்து எழுபது நாள் ஆகிறது. தபால்காரர் நம் தெருவில் திரும்பும்போதே உன் அம்மா வாசலுக்குப் போய்விடுகிறாள், அவர் இல்லை என்று தலையாட்டியதும் வேறு எதற்கோ வந்தவள்போல் உள்ளே வந்துவிடுகிறாள். கோபமா கண்ணு? கோபமாகத்தான் இருப்பாய், நான் எழுதினது அப்படி.

டிசம்பரில் வரும்போது பிள்ளையைக் கட்டி உட்காரவைக்கிற கார் சீட்டைக் கையோடு கொண்டுவருவேன், நம் வேனில் அதைக் கட்டுவதற்கு பெல்ட் இல்லையென்றால் விமான நிலையத்திலிருந்து பெல்ட் வைத்த கார் ஏதாவது பிடித்து வந்துவிடுவோம் என்று எழுதியிருந்தாய். அந்தச் சீட்டு இல்லாமல் பிரசவ ஆஸ்பத்திரியிலேயே பிள்ளையைக் காரில் ஏற்ற விடவில்லை, அது அங்கே சட்டம் என்றும் எழுதியிருந்தாய். எனக்குச் சட்டம் கண்ணில் படவில்லை. இருபது வருஷமாக ஊரார் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குகிறவன் வேனில் சொந்தப் பேரன் ஏறமாட்டானாம் என்பதுதான் பட்டது. வந்த ஆத்திரத்தில், அப்படியானால் அந்தக் கார்க்காரன் வீட்டிலேயே தங்கிக்கொள் என்று எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டேன். பிறந்து இரண்டு வருஷமாகப் போட்டோவில் மட்டும் பார்க்கிற பிள்ளையை வீடுவரைக்கும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரவேண்டும் என்று எவ்வளவு ஆசை வைத்திருந்தேன் தெரியுமா. இன்ஜின் மூடிமேல் ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு அந்த வருஷத்துச் சின்னப் பிள்ளையை என் பக்கத்தில் உட்காரவைப்பேனே, நீயே ஆறு வயதில் உட்கார்ந்து வந்த இடம். எங்கள் பிள்ளைக்கு பாய் பக்கத்து சீட் கொடுங்கள் என்று ஜூன் மாதமானால் தாய்மார்கள் வந்து கேட்பார்கள், எனக்கும் அதில் பெருமைதான்.

போன மாதம் கணபதி ரோட்டில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. நான் பிரேக்கை மிதித்தேன், வேன் நின்றது, பக்கத்தில் இருந்த பிள்ளை நிற்கவில்லை. சரவணம்பட்டி ஆறுச்சாமி மகள் அக்ஷயா, எல்.கே.ஜி. முன்னால் போய் இடித்து, தாடையில் மூன்று தையல். இடது கையை நீட்டினேன் நஸ்ரியா, என் கை போவதற்குள் பிள்ளை போய்விட்டது. என் கை போதும் என்றுதானே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். பின்னால் இருந்த இருபத்திரண்டு பிள்ளைகளும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அழுதது இன்னும் காதில் இருக்கிறது. ஆறுச்சாமி ஆஸ்பத்திரிக்கு வந்தார், சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன், பிடித்திருக்கலாம். அவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏனுங்க பாய், நீங்க பக்கத்துல வெச்சிருக்கீங்கன்னு தானுங்க நாங்க நிம்மதியா இருந்தோம் என்றார். அவ்வளவுதான் சொன்னார். வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். உன் அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, புள்ள எழுதுனப்பக் கேட்டிருந்தா என்னங்க, உங்க தலையா எறங்கிப்போயிரும் என்றாள். 

இப்போது முன்னால் எந்தப் பிள்ளையும் கிடையாது. ஒரே நடையில் அடைத்துப் போகிறதை விட்டுவிட்டு இரண்டு நடையாகப் போகிறேன், ஒரு நடைக்குப் பன்னிரண்டு பேருக்குமேல் ஏற்றுவதில்லை. ஆறரைக்கே பிள்ளையைக் கிளப்பமுடியாது என்று நாலு வீட்டுக்காரர்கள் வேறு வேனுக்குப் போய்விட்டார்கள், போகட்டும். அக்ஷயா பத்து நாள் கழித்து வந்தாள், பழைய இடத்தில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்தாள், பின்னால் உட்காரவைத்து ஊர்வந்து சேர்வதற்குள் என் பாடு பெரும்பாடு. உக்கடத்தில் பழைய கார் உடைக்கிற கடையில் பெல்ட்டுகள் வாங்கி, நம் மெக்கானிக் இல்யாஸ் அடிச்சட்டத்தோடு போல்ட் போட்டு நடுவரிசையில் பொருத்திக்கொடுத்திருக்கிறான். உன் சீட்டு அதில் உட்காருமா என்று எனக்குத் தெரியாது. நீ வந்து உன் கையால் இழுத்துப் பார். மனசுக்கு ஒப்பவில்லையென்றால் நீ சொன்ன மாதிரி காரிலேயே பிள்ளையை வைத்துக்கொண்டு வா, நான் வேனை ஓட்டிக்கொண்டு பின்னாலேயே வருகிறேன், ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். வராமல் மட்டும் இருந்துவிடாதே அம்மணி. உன்னைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது, வீட்டில் இரண்டு பேர் எவ்வளவு நேரம்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பது.

மாப்பிள்ளைக்கு என் சலாம். குளிர் தொடங்குமுன் பிள்ளைக்குக் காது மூடுகிற தொப்பி வாங்கு என்று உன் அம்மா எழுதச் சொல்கிறாள். அல்லாஹ் உங்கள் மூவரையும் போகிற வழியிலும் வருகிற வழியிலும் காப்பானாக. ஒன்றே ஒன்று, மறக்காமல் பதில் எழுது. பீளமேடு விமான நிலையத்திலிருந்து வீடுவரைக்கும் நான் அவனைத் தொடமாட்டேன். வாசலில் வந்து நின்றதும் அந்த பெல்ட்டை அவிழ்த்து அவனைத் தூக்குகிற வேலையை எனக்குக் கொடு. அதை எங்கே அமுக்கினால் திறக்கும் என்று ஒரு படம் போட்டு அனுப்பு.

இப்படிக்கு,
உன் அத்தா
மு. முஸ்தபா