வரும்போதே இருந்ததா

மார்ச் 3, திங்கள்

எட்டாம் நம்பர் அம்மாளைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது என் இடது முட்டியில் 'டக்' என்று ஒரு சத்தம். அந்த அம்மாள் பயந்துபோய், "ஆயா, உடைஞ்சது உன்னுதா, என்னுதா?" என்றார். அவருக்கு எழுபது. எனக்கு நாற்பத்தொன்று. வார்டில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் எல்லோருக்கும் ஆயாதான்.

ஃபைல் கொடுக்க மேல்மாடி ரெக்கார்ட் அறைக்குப் போனேன். அங்கே நாலு பேர் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். உட்கார்ந்து! டாக்டர் எழுதியதைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைக் கண்டுபிடித்துக் கணினியில் ஏற்றுவதுதான் வேலை. மெடிக்கல் கோடிங்காம். நான் நொண்டுவதைப் பார்த்து ரெக்கார்ட் ஆபீசர், "ஸ்கூல்ல சயின்ஸ்தானே படிச்சீங்க? இதுக்கு ஒரு கோர்ஸ் இருக்கு, முடிச்சிட்டு வாங்க. வருஷக் கடைசியில ஒரு நாற்காலி காலியாகுது," என்றார்.

கை வைத்த நாற்காலி. படிக்கட்டு முழுக்க அதையே நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

மார்ச் 6, வியாழன்

செருப்புக் கடைக்கு மேலே இருக்கிறது அந்தப் பயிற்சி நிலையம். மூன்று வழி சொன்னார்கள். தினமும் மாலை ஆறிலிருந்து எட்டு: ஐந்து மணிக்கு முடிய வேண்டிய என் வேலை என்றைக்கு ஐந்து மணிக்கு முடிந்திருக்கிறது? வீட்டிலிருந்தே கணினியில்: எங்கள் வீட்டில் இருப்பது கீறல் விழுந்த ஒரு போன். கடைசியாக ஞாயிறு மட்டும், பத்திலிருந்து நாலு, ஆறு மாதம்.

"வேலைக்குப் போறவங்க ஞாயிறுதான் எடுப்பாங்க. ஆனா வாரத்துக்குப் பத்து மணி நேரம் நீங்களா படிக்கணும், அதுதான் முக்கியம்," என்றாள் அங்கே இருந்த பெண். பத்து மணி நேரத்தை எந்தக் கடையில் வாங்குவது என்று கேட்க வாய்வரை வந்தது.

வீட்டுக்காரர் அச்சகத்திலிருந்து கை முழுக்க மையோடு வந்தார். சொன்னேன். "அப்போ ஞாயித்துக்கிழமையும் போச்சா?" என்று கேட்டபடி கையைத் துடைத்தார். பிறகு, "சரி டாக்டரம்மா. ஞாயித்துக்கிழமை சமையல் என்னுது. சாப்பிடறது உன் தைரியம்."

மார்ச் 9, ஞாயிறு

சேர்ந்துவிட்டேன். புத்தகம் தலையணை கனம். வகுப்பில் எனக்குத்தான் வயது அதிகம்.

மார்ச் 16, ஞாயிறு

முதல் பயிற்சித் தாளிலேயே சிவப்பு மை. மூச்சுத் திணறல், கால் வீக்கம் என்று டாக்டர் எழுதியிருந்தார். இருதயக் கோளாறு என்று எண் போட்டேன். இப்படி நூறு பேரைத் தூக்கி உட்கார வைத்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா?

"டாக்டர் இருதயம்னு எழுதினாரா?" என்றார் சார்.

"எழுதல சார். ஆனா பார்த்தாலே தெரியும்."

"நீங்க பேஷண்டைப் பார்க்கலம்மா. பேப்பரைப் பார்த்தீங்க. எழுதாதது நடக்கல, எழுதினது நடந்தது. அவ்வளவுதான் நம்ம வேலை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

மார்ச் 24, திங்கள்

பதினாலாம் கட்டிலுக்குப் புது அம்மா. டைப்பிங் சொல்லிக்கொடுத்த டீச்சராம். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நான்கு மாதமாக வீட்டில் படுக்கை. இப்போது நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல். இடது கை விரல்கள் மட்டும் போர்வையில் எதையோ தட்டிக்கொண்டே இருக்கின்றன.

உடம்பு துடைத்தேன். நான்கு மாதம் படுத்த உடம்பு, முதுகில் ஒரு சிவப்புக்கூட இல்லை. மகள் கண்ணும் கருத்துமாகப் பார்த்திருக்கிறாள். பேக்கரியில் பில் போடுகிற பெண். வேலை முடிந்து நாலரைக்கு ஓடிவருகிறாள். இந்த வார்டிலேயே என்னை அக்கா என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவள்தான்.

மார்ச் 28, வெள்ளி

பத்து மணி நேரம் கிடைத்துவிட்டது! மதியம் பன்னிரண்டரையிலிருந்து நாலுவரை வார்டு அடங்கிக் கிடக்கும். துணி அலமாரிக்குப் பின்னால் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தால் யாரும் தேடுவதில்லை. ஹெட் சிஸ்டர் பார்த்தார். "படி, படி. ஒருத்தியாவது மேல போங்க," என்றார். நல்ல மனசு.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை படுக்கையில் கிடப்பவர்களைப் புண் வராமல் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், கட்டில் காலில் தொங்கும் தாளில் டிக் போட வேண்டும். டிக்கை ஐந்து மணிக்கு மொத்தமாகப் போட்டுவிடுகிறேன். எல்லோரும் அப்படித்தான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

தேர்வில் எழுபத்தொன்று. சார் "பரவாயில்லையே" என்றார். வீட்டுக்காரர் சாம்பாரில் உப்பை மறந்துவிட்டு, அதைக் கொண்டாட்டம் என்றார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பதினாலாம் கட்டில். காலையில் துணி மாற்றும்போது பார்த்தேன். வால் எலும்புக்கு மேலே தோல் உரிந்து, ரூபாய் அளவுக்கு — இல்லை, அதைவிடப் பெரிதாக. படுக்கைப் புண். நேற்று நான் ஏன் பார்க்கவில்லை? நேற்று எத்தனை மணிக்குத் திருப்பினேன்?

தாளை எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு, டிக். இரண்டு, டிக். நாலு, டிக். எல்லாம் என் கையெழுத்து.

ஏப்ரல் 9, புதன்

டாக்டர் கேட்டபோது ஹெட் சிஸ்டர் முந்திக்கொண்டு, "வரும்போதே லேசா சிவந்திருந்துச்சு டாக்டர். வீட்டுல ரொம்ப நாளா படுக்கை," என்றார். டாக்டர் அப்படியே எழுதினார். நான் பஞ்சுத் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

பிறகு சிஸ்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "உனக்காகவும்தான் சொன்னேன். வாயைத் திறக்காதே," என்றார்.

நாலரைக்கு மகள் வந்தாள். வீட்டிலிருந்தே வந்த புண் என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருக்கிறார். "தினமும் பார்த்தேனேக்கா. ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சுத் திருப்புவேனே. எப்படி என் கண்ணுல படாமப் போச்சு?" சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். தண்ணீர் கொடுத்தேன்.

ஏப்ரல் 10, வியாழன்

மதியம் சாப்பாடு கொடுத்து மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு நாலு மணிவரை நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு நாள் இல்லை. பத்து நாள். நான் எலும்புக்கு எண் மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்றைக்குப் பார்த்து இந்தப் பாடமா வரவேண்டும்?

ஒவ்வொரு நோயின் எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கட்டம் உண்டாம். ஆஸ்பத்திரிக்கு வரும்போதே இருந்ததா, வந்த பிறகு வந்ததா? ஆம், இல்லை. ஒரே எழுத்து. "உதாரணத்துக்குப் படுக்கைப் புண்," என்று சார் பலகையில் எழுதினார். "வீட்டுல கவனிக்கலையா, ஆஸ்பத்திரியில கவனிக்கலையா, இந்த எழுத்துதான் சொல்லும்."

கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

போனில் அலாரம் வைத்துவிட்டேன். எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு. மணி அடித்ததும் திருப்புகிறேன், அங்கேயே நின்று டிக் போடுகிறேன். வாளியில் உட்காருவதில்லை. இப்போது என்ன பிரயோசனம், புண் வந்தாச்சே என்று நானே என்னைக் கேட்டுக்கொள்கிறேன்.

மகள் இளைத்துவிட்டாள். பேக்கரியில் கொடுத்த ரொட்டியைப் பொட்டலம் பிரிக்காமல் என்னிடம் கொடுத்து, "நீங்க சாப்பிடுங்கக்கா. நீங்கதான் அம்மாவை நல்லாப் பார்த்துக்கறீங்க," என்றாள். வாங்கிக்கொண்டேன். சீ.

ஏப்ரல் 20, ஞாயிறு

மாதிரித் தேர்வு. ஏழாவது கேள்வி, படுக்கைப் புண். "வரும்போதே இருந்தது" என்று டாக்டர் குறிப்பு. 'ஆம்' என்று குறித்தேன். விதி அதுதானே.

தொண்ணூற்றிரண்டு மதிப்பெண். சார் என் தாளைத் தூக்கிக் காட்டி, "முதல் வாரம் கண்ணால பார்த்ததை எழுதினாங்க. இப்போ பேப்பர்ல இருக்கறதை மட்டும் எழுதறாங்க. இவங்க கோடர் ஆயிட்டாங்க," என்றார். கை தட்டினார்கள்.

பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பதினாலாம் கட்டில் ஃபைல் மேலே போகும். அங்கே உட்கார்ந்திருப்பவர் என்னைப் போலவே ஒழுங்காகப் படித்து ஒழுங்காக 'ஆம்' போடுவார். அவர்மேல் தப்பில்லை. அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தர் ஹெட் சிஸ்டர்.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டில் மார்ச் 24-ஐத் திருப்பிப் படித்தேன். 'முதுகில் ஒரு சிவப்புக்கூட இல்லை.' என் கையெழுத்தில் இருக்கிறது. எழுதினது நடந்தது.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வழக்கம்போல் கிண்டல் செய்வார் என்று பார்த்தேன். செய்யவில்லை. "வேலை போயிடுமா?" என்றார். "போகலாம்." "நாற்காலி?" "அது போனமாதிரிதான்." விரலிலிருந்த மையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "நீ ஏற்கனவே முடிவு பண்ணிட்டே. என்னை எதுக்குக் கேக்கறே?" என்றார்.

ஏப்ரல் 21, திங்கள்

"சிஸ்டர், அந்தப் புண் இங்கதான் வந்துச்சு. நான் திருப்பல."

ஹெட் சிஸ்டர் கதவைச் சாத்தினார். "எனக்குத் தெரியாதா? உன் வேலை போகும். மேல போற வழியும் போகும். இத்தனை நாள் சும்மா இருந்தேல்ல, இப்போ என்ன வந்துச்சு?"

"அந்தப் பொண்ணு சாப்பிடறதில்ல சிஸ்டர்."

வேறு காரணம் எதுவும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுதி எடுத்துப் போயிருந்த தாளை நீட்டினேன். தேதி, நேரம், நான் பொய்யாகப் போட்ட டிக்குகள். ஒருமுறை படித்துவிட்டு, "நான் டாக்டர்கிட்ட சொன்னதை எழுதலையே?" என்றார்.

"நான் செஞ்சதை மட்டும்தான் எழுதினேன்."

தாளை மடித்து மேசைக்குள் வைத்தார். மேலிடத்துக்கு அனுப்புவாரா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

அனுப்பிவிட்டார். அதோடு தன் பங்குக்கு, டாக்டரிடம் தான் சொன்னது தப்பு என்று ஒரு தாளும். அதை எதிர்பார்க்கவில்லை.

மகளிடம் வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று நாலரைக்கு வராந்தாவில் நின்றேன். சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. திரும்பச் சொன்னேன்.

"அப்போ வீட்டுல வரலையா?"

"இல்லம்மா. நீ கொண்டுவந்தப்போ முதுகு சுத்தமா இருந்துச்சு."

மூச்சை இழுத்து விட்டாள். முகம் தெளிந்தது. அது ஒரு நிமிடம்தான்.

"நான் அழுதப்போ பக்கத்துலயே நின்னீங்களே."

"ஆமா."

"தண்ணி கொடுத்தீங்களே."

"ஆமா."

"இனிமே அம்மாவைத் தொடாதீங்க."

ஏப்ரல் 25, வெள்ளி

இரண்டு வாரச் சம்பளம் கிடையாது. வார்டு கிடையாது. இன்றுமுதல் கீழ்த்தளத்தில், சலவைத் துணி மடிக்கும் அறை. முட்டிக்கு நல்லதுதான் என்று வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். அங்கேயும் நின்றுகொண்டுதான் மடிக்க வேண்டும்.

இரண்டு மணிக்கு அலாரம் அடித்தது. அதை எடுக்க மறந்திருக்கிறேன். கையில் போர்வையோடு அப்படியே நின்றேன்.

ஏப்ரல் 30, புதன்

ரெக்கார்ட் ஆபீசரை லிஃப்ட் அருகே பார்த்தேன். "கோர்ஸ் எப்படிப் போகுது?" என்றார். நாற்காலியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. போகும்போது மட்டும் திரும்பி, "பதினாலாம் கட்டில் ஃபைலைத் திருத்தியாச்சு," என்றார்.

மே 4, ஞாயிறு

வகுப்புக்குப் போகவில்லை. எதற்கு? நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். எனக்கே தெரியாமல் இரண்டு முறை புரண்டு படுத்தேன். என்னால் முடிகிறது.

மே 7, புதன்

துணி அறைக் கதவில் நிழல். நிமிர்ந்து பார்த்தால் மகள் நிற்கிறாள். அம்மாவை நாளை வீட்டுக்கு அழைத்துப் போகிறாளாம். புண் ஆற இன்னும் இரண்டு மாதம் ஆகுமாம்.

என் முகத்தைப் பார்க்காமல், மடித்த துணி அடுக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "புண்ணு மேல அழுத்தம் படாம எப்படித் திருப்பணும்னு தெரியல. காட்டுங்க."

நீளப் போர்வைகள் நாலைந்தைச் சுருட்டி மேசையில் கிடத்தினேன், ஓர் ஆள் நீளத்துக்கு. முட்டிக்கு நடுவில் தலையணை, முதுகுக்குப் பின்னால் ஒன்று, முழுக்கச் சாய்க்காமல் பாதிச் சாய்வு, இழுக்காமல் தூக்கி. அவளும் செய்தாள். இரண்டாம் தடவை செய்யும்போது என் கை அவள் கைமேல் பட்டது. அவள் விலக்கவில்லை.

"எத்தனை மணிக்கு?"

என் போனைக் காட்டினேன். பார்த்துப் பார்த்துத் தன் போனிலும் அதே நேரங்களை ஏற்றிக்கொண்டாள். போய்விட்டாள். அக்கா என்று கூப்பிடவில்லை.

மே 11, ஞாயிறு

வகுப்புக்குப் போனேன். போன வாரப் பாடத்தைப் பக்கத்துப் பெண்ணின் நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். சார் வருகைப் பதிவு எடுக்கும்போது சரியாகப் பத்து மணிக்கு என் பையிலிருந்து அலாரம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரோடது? அணைங்க," என்றார் சார்.

"என்னுதுதான் சார்," என்று எடுத்தேன். உடனே அணைக்கவில்லை. அந்த மகளின் வீட்டிலும் இப்போது அடித்துக்கொண்டிருக்கும். அவள் கை கழுவிக்கொண்டு வருவாள். அந்த அம்மாளின் விரல்கள் போர்வையில் தட்டிக்கொண்டிருக்கும்.

இந்த முறை இடது பக்கம் திருப்புவாள். பிறகு அணைத்தேன்.