மேடானுக்குப் பாடப் போன பதினோரு பெண்கள்

அக்கா,

அடுப்பில் கஞ்சி கொதிக்கிறது. குடிக்கிற கஞ்சி இல்லை, பாவாடைக்குப் போடுகிற கஞ்சி. அந்த வாடை வீடு முழுக்க ஏறி உட்கார்ந்திருக்கிறது. வாளியில் ஒன்பது வெள்ளைப் பாவாடைகள் ஊறுகின்றன. வருகிற சனிக்கிழமை நம் கோயில் பாட்டுக்கூட்டத்துப் பெண்கள் மறுபடியும் கடல் தாண்டி மேடானுக்கு, அங்கே திருவிழாவில் பாட, கப்பல் ஏறுகிறார்கள். துணைக்கு ஒரு தாயும் அகப்படவில்லையாம். "நீங்கதான் ஒரு தடவை போய்ட்டு வந்தவங்க. அப்படியே மகளையும் பாத்துட்டு வரலாம்ல" என்று உபதேசியார் வாசலில் வந்து நின்றார். மறுத்துப் பேசவும் உடம்பில் தெம்பில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் உங்கள் நினைப்பு வந்தது. போன தவக்காலத்தில் உங்களை அடக்கம் செய்தபோது நான் எல்லாருக்கும் பின்னால் நின்றேன். பெட்டிக்குப் பக்கத்தில் வர எனக்கு முகமில்லை. ஆறு வருஷம் ஒரே கோயிலில், ஒரே பூசையில் முழங்காலில் நின்றும் நாம் ஒரு வார்த்தை பேசவில்லையே. பிரிக்பீல்ட்ஸில் இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு அப்படி இருப்பதற்குத் தனி வைராக்கியம் வேண்டும். எனக்கு அது நிறைய இருந்தது.

அந்த முதல் பயணத்தில் நாம் இருவர்தான் தாய்மார். நீங்கள் ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி வீட்டம்மா. நான் ரயில்வே பட்டறை பிட்டரின் பெண்சாதி. உங்கள் செசிலி பாட்டில் முன்நிற்கிறவள். ஓர் அடி முன்னால் நின்று அவள் தனியாக ஒரு வரி பாட, மற்றப் பிள்ளைகள் பின்னால் எடுப்பார்கள். என் லூர்து மூன்றாம் வரிசையில் ஓரத்தில் நிற்பாள். அவளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. குறை எல்லாம் எனக்குத்தான்.

ரயில் கிள்ளானைத் தாண்டுமுன்பே பிள்ளைகள் கட்டுச்சோற்றைத் தின்று தீர்த்துவிட்டார்கள். அதன் பலனைக் கப்பலில் கண்டோம். போர்ட் சுவெட்டன்ஹாமை விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, பதினொன்றில் எட்டு பேர் பாயில் சுருண்டுவிட்டார்கள். நீங்கள் நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியோடு ஒவ்வொருத்தி வாயிலும் ஒரு துண்டு வைத்துக்கொண்டே போனீர்கள். நான் பின்னாலேயே வாளியும் துணியுமாக வந்தேன். "பாடத்தானே கூட்டிட்டு வந்தோம் தங்கச்சி, இதுங்க வாயத் தொறந்தா வேற என்னமோல்ல வருது" என்றீர்கள். அந்த நாற்றத்துக்கு நடுவிலும் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். எனக்கு அப்படிச் சிரிக்க ஆள் கிடைத்தது அந்தக் கப்பலில்தான்.

மேடான் துறைமுகமான பெலாவானில் இறங்கியதும் டச்சுக்கார அதிகாரி ஆர்மோனியப் பெட்டியைச் சந்தேகப்பட்டு நிறுத்திவிட்டான். உள்ளே என்னவோ ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறோம் என்று நினைத்தானோ என்னவோ. உபதேசியார் வெயிலில் சப்பணமிட்டு உட்கார்ந்து ஒரு மாதா பாட்டு முழுவதையும் வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று. சரணம் முடியும்வரை அவன் விடவில்லை. "நம்ம ஊருல கூட இவ்வளவு பொறுமையா யாரும் கேட்டதில்ல" என்று என் காதில் சொன்னீர்கள்.

ஆனால் செசிலிக்குத் தொண்டை போய்விட்டது. வழியெல்லாம் வாந்தி எடுத்து, உப்புக் காற்றும் பட்டு, பேசினால் காற்றுதான் வந்தது. மறுநாள் திருவிழாப் பூசை. உபதேசியார் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் யாரையும் கேட்குமுன்பே "லூர்துக்கு எல்லாப் பாட்டும் தெரியும்" என்றேன். "வேணாம்மா, எனக்குப் பயமா இருக்கு" என்றாள் லூர்து. இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினேன். நீங்கள் அதைப் பார்த்தீர்கள்.

அவள் பாடினாள். சுருதி சேர்ந்ததா என்றெல்லாம் எனக்குத் தெரியாது. நான் கஞ்சி போட்டுத் தேய்த்த பாவாடை விறைப்பாக நிற்க, என் மகள் ஓர் அடி முன்னால் நின்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

பூசை முடிந்து விருந்தில் ஒரு அம்மாள் நம்மிடம் வந்தாள். அவள் மகன் மேடானை அடுத்த டெலி பக்கத்தில் ஒரு புகையிலைத் தோட்டத்தில் கிராணியாம். "முன்னாடி நின்னு பாடுச்சே, அது யாரு பொண்ணு?" என்று கேட்டாள். நீங்கள் முந்திக்கொண்டு, "பாட்டுக்குக் கூட்டிட்டு வந்த பிள்ளைங்கம்மா. பாடிட்டுக் கூட்டிட்டுப் போறோம்" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. "என் பொண்ணுதாங்க" என்று நான் முன்னால் வந்தேன். கிராணி மாப்பிள்ளை! பட்டறைக் கரியில் புரளுகிற எங்களுக்கு அது கனவில்கூட வராத சம்பந்தம் அக்கா. அது உங்களுக்குத் தெரியாததா?

திரும்பி வரும்போது கப்பலில் நீங்கள் சிரிக்கவில்லை. "பதினஞ்சு வயசு தங்கச்சி. கிராணி வீட்டுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். கல்யாணமான புதுசுல காப்பார் தோட்டத்துல இருந்தோம். நாள் முழுக்க மனுசர் மூஞ்சி பாக்க முடியாது. செவத்தோட பேசிருக்கேன். அதுவும் இது கடல் தாண்டி" என்றீர்கள். பிறகு, "லூர்துகிட்ட கேட்டியா?" என்றீர்கள். "அவகிட்ட என்னக்கா கேக்கறது, சின்னப் பொண்ணு" என்றேன். கலியாணம் செய்து கொடுக்க மட்டும் அவள் பெரிய பெண்ணாகிவிட்டாள். அந்தக் கணக்கு அன்று எனக்கு உறைக்கவில்லை.

சம்பந்தம் முடிவாகி, கோயிலில் கலியாண ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். தடை தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்ல வேண்டும். யார் சொல்வார்கள்? முன்பே கட்டிக்கொண்டவன், முறை தப்பினவன் என்றால்தான் தடை. இரண்டாம் ஞாயிறு பூசை முடிந்ததும் நீங்கள் நேராகச் சாமியார் வீட்டுப் படியேறினீர்கள். ஓலை வாசித்த அன்று அந்தப் படியேறினால் அதற்கு என்ன அர்த்தம் என்று கோயிலுக்கே தெரியும். எனக்குக் காது இரண்டும் எரிந்தது.

நீங்கள் சொன்ன தடை ஒன்றே ஒன்று என்று பிறகு அறிந்தேன். "பொண்ணை யாரும் கேக்கல சாமி."

சாமியார் லூர்துவைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் கூடவே போய் அவள் தோளை ஒட்டி நின்றேன். "உனக்குச் சம்மதமா பிள்ளை?" என்று கேட்டார். அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "சம்மதம் சாமி" என்றாள். வெளியே வந்து, கோயில் வாசலில் அத்தனை பேர் முன்னால் நான் உங்களைக் கேட்டேன்: "உங்க பொண்ணு பாடியிருந்தா உங்களுக்கு வந்திருக்கும். வரலன்னதும் வயிறு எரியுதா?" நீங்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு செசிலியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போனீர்கள். நாம் கடைசியாகப் பேசியது அதுதான். அதுவும் நான் பேசியது.

லூர்து போய் ஆறு வருஷம். தலைப்பிரசவத்துக்கு ஒருமுறை வந்தாள், அவ்வளவுதான். மாப்பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். கை நீட்டுகிறவர் இல்லை; அதிகம் பேசுகிறவரும் இல்லை. அவள் கடிதத்தில் எப்போதும் நாலே வரிகள். சௌக்கியம், பிள்ளைகள் சௌக்கியம், இங்கே மழை, அப்பாவை விசாரித்ததாகச் சொல்லவும். பாடுகிறாயா என்று ஒருமுறை எழுதிக் கேட்டேன். மழை என்று பதில் வந்தது.

நீங்கள் இறந்துபோன செய்தியை எழுதியபோது மட்டும் அந்த நாலுக்கு மேல் இன்னும் இரண்டு வரிகள் வந்தன. மனப்பாடமாகிவிட்டதால் அப்படியே எழுதுகிறேன். "அன்றைக்கு என்னைக் கேட்க வேண்டும் என்று நினைத்தது பெரியம்மா ஒருவர்தான் அம்மா. நீங்கள் பக்கத்தில் நிற்காமல் இருந்திருந்தால் நான் வேறு சொல்லியிருப்பேன்." கோபமாக எழுதவில்லை. மழை பெய்கிறது என்பதுபோல் எழுதியிருக்கிறாள். அவள் அப்பாவுக்கு அந்தக் கடிதத்தை நான் படித்துக் காட்டவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிப் பார்த்தேன் அக்கா. பழைய சாமியார் மாற்றலாகிப் போய்விட்டார். புதியவருக்கு நம் கதை தெரியாது. மூன்று ஜெபம் சொல்லச் சொன்னார். மூன்று ஜெபத்தில் தீர்கிற காரியமா இது? உங்களிடம் வந்து சொல்லியிருக்க வேண்டும். இரண்டு தெருதான். ஆறு வருஷத்தில் என்னால் அந்த இரண்டு தெருவை நடக்க முடியவில்லை. பொறாமை என்று நான் உங்கள் மேல் போட்ட பழி, முதலில் இருந்தே என்னுடையது.

இந்த முறை ஒன்பது பெண்கள். வயது பதின்மூன்றிலிருந்து பதினாறு. மேடானில் யாராவது வந்து யாருடைய பெண் என்று கேட்டால் உங்கள் பதிலைத்தான் சொல்லப்போகிறேன்: பாடிவிட்டுக் கூட்டிப்போகிறோம். உபதேசியாரிடமும் அதைச் சொல்லி வைத்துவிட்டேன். அவருக்கு ஏன் என்று புரியவில்லை, விளக்கிச் சொல்ல என்னாலும் முடியவில்லை.

பூசை முடிந்ததும் ஒருநாள் லூர்து வீட்டில் தங்குகிறேன். மாப்பிள்ளை வேலைக்குப் போன பிறகு, பிள்ளைகள் தூங்குகிற பகல் நேரத்தில், அவளுக்கு எதிரே கொஞ்சம் தள்ளியே உட்காருவேன். அவள் என்ன சொன்னாலும், எத்தனை நேரம் சொன்னாலும், எழுந்திருக்காமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இனிமேல் கேட்டு என்னம்மா ஆகப்போகிறது என்று அவள் சொல்லலாம். இருந்தாலும் கேட்கத்தான் போகிறேன்.

உனக்கு என்ன வேணும் லூர்து?

பெற்று இருபத்தொரு வருஷமாகிறது அக்கா. இதுவரை நான் அவளிடம் இதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.