மூன்றாவது வளைவு

மார்ச் 3, செவ்வாய்

இடது பேசினில் முகம் கழுவினால் வலது பேசினில் சோப்புத் தண்ணீர் ஏறுகிறது. காலை 6.40, நானே நேரில் பார்த்தது. நாலு விரற்கடை ஏறி, களக் களக் என்று சத்தம் போட்டு, பத்து நிமிடம் கழித்துத்தான் வடிந்தது. குழாய் வேலை தம்பியுடையது. முடித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இந்தக் குடியிருப்பின் மற்ற பதினொரு வீடுகளுக்கும் இரட்டை பேசின் வேலை அவனுக்கே என்று சங்கம் பேசி வைத்திருக்கிறது. எங்கள் வீடுதான் மாதிரி.

மார்ச் 4

இன்றும் ஏறியது.

மார்ச் 5

சங்கத்துக்குக் கடிதம் எழுதிவிட்டேன். 'வேலையில் குறை இருக்கிறது. மற்ற வீடுகளைத் தருமுன் யோசிக்கவும்.' தம்பி என்பதற்காக மூடி மறைத்தால் முப்பத்தொரு வருடம் நான் நிருபராக இருந்து என்ன பயன்? அனுப்புமுன் என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். "நறுக்குனு இருக்கு" என்றார்.

மார்ச் 9, திங்கள்

சங்கச் செயலாளர் போன் செய்தார். தம்பியை நிறுத்தியாயிற்று, வேறு ஆள் பேசியாயிற்று. "சொந்த அக்காவே எழுதிக் குடுத்தப்புறம் நாங்க என்னம்மா தனியா விசாரிக்கறது?"

மார்ச் 10

தம்பி வந்தான். பேசின்களுக்குக் கீழே அலமாரியைத் திறந்து டார்ச் அடித்தான். "அக்கா, குனிஞ்சு பாரு."

ஒவ்வொரு பேசினுக்கும் கீழே ஒரு டிராப். தண்ணீர் தேங்கி நின்று நாற்றத்தை மறிக்கும் வளைவு. அதோடு சரி, பிறகு ஒரே குழாயில் இரண்டும் சேர வேண்டும். சேர்ந்த இடத்துக்கு அப்பால் மூன்றாவதாக ஒரு வளைவு. புதுப் பிளாஸ்டிக், வேறு வெள்ளை.

"இது நான் போட்டதில்ல. நடுவுல காத்து மாட்டிக்கிட்டு தண்ணிய விடல. போற வழி இல்லாம அடுத்த பேசின்ல ஏறுது."

இவர் வாசலில் நின்றபடியே என்னிடம் சொன்னார்: "நீ வெளியூர் போயிருந்தப்ப நாறுச்சு. ஒண்ணுக்கு ரெண்டா இருக்கட்டுமேன்னு..."

"வலது பேசினை யாரும் தொடுறதில்ல, டிராப் காஞ்சிருக்கும் மாமா. ஒரு குவளை தண்ணி ஊத்தியிருந்தா போதும்."

கால் மணி நேரத்தில் அதைக் கழற்றி நேர்க்குழாய் வைத்தான். இரண்டு பேசினும் நிரப்பி ஒன்றாகத் திறந்தான். சத்தமே இல்லை. தெருக்குழாயில் கை கழுவிக்கொண்டான். என் வீட்டில் கழுவவில்லை.

"ஊருல எவன் என்ன பண்ணாலும் ரெண்டு தரப்பும் கேட்டுட்டுத்தான எழுதுவ? எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதாக்கா?"

மார்ச் 11

கடிதத்தைப் படித்துக் காட்டினேனே, அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாமே என்று இவரைக் கேட்டேன்.

"அவ்ளோ உறுதியா எழுதியிருந்தே. ஒருவேளை அவன் தப்பாவும் இருக்கலாம்னு நெனச்சேன்."

என்ன மனுஷன் இது! நான் மட்டும் என்னவாம்? அலமாரிக் கதவைத் திறந்தேனா? ஒரு தடவை?

மார்ச் 12

சங்கத்துக்குத் திருத்தக் கடிதம் எழுதினேன். 'குடும்பத்துல ஒருத்தர்னு போடேன்' என்றார் இவர். 'வளைவைப் போட்டது என் கணவர்' என்றே எழுதினேன். அடுத்த வரியில், விசாரிக்காமல் எழுதியது நான் என்று.

மார்ச் 13, வெள்ளி

கடிதம் கிடைத்தது என்றார் செயலாளர். செவ்வாய் மாலை ஆறு மணிக் கூட்டத்தில் வைப்பாராம். புது ஆள் திங்கள் காலையே வேலையைத் தொடங்குகிறான். தம்பிக்கு நாலு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.